ஒளி வளைந்ததா, கண்ணாடித் தகடு ஏமாற்றியதா? 1919 கிரகண அளவீட்டின் மேல் ஒரு சர்வேயரின் சந்தேகம்

கொள்ளிடக்கரை | திருவையாறு | இழையைத் தொடங்கியவர்

சூரியனின் ஈர்ப்பு நட்சத்திர ஒளியை வளைக்கிறது. அதை 1919 மே 29 கிரகணத்தில் எடிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர் படம் பிடித்து நிரூபித்துவிட்டார். எங்கே படித்தாலும் இந்த இரண்டு வரியோடு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது வரி செரிக்கவில்லை. நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோணம் அளப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் அளவின் பக்கமிருந்து கேட்கிறேன்.

சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 ஆர்க் செகண்ட் திரும்ப வேண்டும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு செகண்ட். பத்து ரூபாய் நாணயத்தை 3 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இந்த 1.75. அதுவும் விளிம்பிலேயே நிற்கும் நட்சத்திரத்திற்கு. கிரகண நேரத்தில் விளிம்பை ஒட்டிக் கொரோனா என்ற சூரிய வாயு வளையத்தின் வெளிச்சம் அடிக்கும், அங்கே நட்சத்திரம் அகப்படாது. தள்ளி இருப்பவைதான் படம் பிடிக்கும் கண்ணாடித் தகட்டில் விழும். அவற்றின் நகர்வு பெரும்பாலும் ஒரு செகண்டுக்குக் கீழே.

கோடையில் கொள்ளிடத்து மணலில் லெவல் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். காலை எட்டு மணிக்கு ஸ்டாஃபின், அதாவது தூரத்தில் நிறுத்தும் அளவுகோலின், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வெட்டி வைத்த மாதிரி நிற்கும். பத்து மணிக்கு மேல் மணல் சூடேறியதும் அதே கட்டங்கள் நெளிய ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு மில்லிமீட்டரை ஊகித்துத்தான் எழுத முடியும். நெளிந்தால்கூடப் பரவாயில்லை, சராசரி எடுத்துவிடலாம். நெளியாமல் மொத்தமாக ஒரே பக்கம் வளைந்து வரும் பார்வைக்கோடுதான் ஆபத்து. அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. பார்வைக்கோடு தரையை ஒட்டிப் போகக்கூடாது, முன் ஸ்டாஃபும் பின் ஸ்டாஃபும் சம தூரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதற்காகத்தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தக் காலத்து நில அளவையாளர் லாம்டன் கதை தெரிந்திருக்கும். டெல்டா தட்டை நிலம். தென்னையும் பனையும் மறைக்கும், கோயில் கோபுரத்தை விட்டால் ஏறிப் பார்க்க உயரமான இடம் கிடையாது. 1808இல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, கோணம் குறித்த வட்டு நெளிந்துபோனது. மனிதர் கூடாரத்திற்குள் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டித் தட்டி நேராக்கினார். அப்புறமும் அந்தக் கருவியை நம்பினார்கள் என்றால், எடுத்த கோணத்தையே திரும்பத் திரும்ப எடுத்துச் சரிபார்க்க முடிந்ததால்தான். கிரகணத்தில் திரும்ப எடுக்க ஏது நேரம்? மொத்தம் ஐந்து நிமிடம்.

என் கேள்விகளைச் சேர்த்தே வைக்கிறேன். வெப்ப நாட்டில், கூடாரத்தில், தற்காலிகமாக நிறுத்திய கருவியால் ஒரு செகண்டுக்குக் கீழே எப்படி நம்பிக்கையாக அளந்தார்கள்? நியூட்டன் ஈர்ப்பை வைத்துக் கணக்குப் போட்டாலே இதில் பாதி, அதாவது 0.87 வருகிறதாமே? அப்படியானால் ‘வளைகிறது’ என்று காட்டினால் போதாது, பாதியா முழுசா என்று பிரித்துக் காட்ட வேண்டும். கடைசியாக, சூரியனைச் சுற்றியும் வாயு இருக்கிறதே, அதில் புகுந்து வரும் ஒளி சாதாரண ஒளிவிலகலாலேயே ஏன் திரும்பியிருக்கக்கூடாது?

ஐன்ஸ்டைன் தப்பாகச் சொல்லுவாரா என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

நாகை கடலோரம் | நாகப்பட்டினம்

ஐயா, இது தெரிந்த கதைதான். எடிங்டனுக்கு முடிவு முன்பே பிடித்துப் போயிற்று. ஒத்துவந்த தகடுகளை வைத்துக்கொண்டு ஒத்துவராததைத் தூக்கிப் போட்டார். ஒரு கூட்டத்தில் அறிவித்தார்கள், மறுநாள் பத்திரிகையில் வந்தது, உலகம் நம்பிவிட்டது. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

மன்னை இயற்பியல் | மன்னார்குடி

இருக்கிறது. நாகை நண்பர் சொன்னதில் ‘ஒரு தொகுதியைத் தள்ளினார்கள்’ என்பது உண்மை. ‘எடிங்டன் தள்ளினார்’ என்பது உண்மை இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

1919இல் போனது இரண்டு குழு. எடிங்டனும் காட்டிங்ஹாமும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் பிரின்சிபி தீவுக்குப் போனார்கள். க்ராமலினும் டேவிட்சனும் வடகிழக்கு பிரேசிலில் உள்ள சோப்ரால் ஊருக்குப் போனார்கள். அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம் அது. சூரியன் ரோகிணிப் பக்கம் நிற்கும். ரோகிணியை ஒட்டி இருக்கும் ஹையடீஸ் கூட்டத்தில் பிரகாசமான நட்சத்திரங்கள் நெருக்கமாக இருப்பதால், மறைந்த சூரியனைச் சுற்றி அளக்கத் தோதான புள்ளிகள் கிடைத்தன.

பிரின்சிபியில் மேகம் கெடுத்தது. 16 தகடுகள் எடுத்தார்கள், கணக்குக்கு உதவியது இரண்டுதான், அவற்றிலும் ஐந்து நட்சத்திரம். அதில் வந்த விடை 1.61, பிழை 0.30. சோப்ராலில் வானம் தெளிந்தது. அங்கே இரண்டு தொலைநோக்கி. ஆஸ்ட்ரோகிராஃபிக் என்ற பெரிய லென்ஸ் ஒன்று, துணைக்கு எடுத்துப்போன 4 அங்குல லென்ஸ் ஒன்று. துணைக்குப் போனதுதான் நல்ல படம் கொடுத்தது. ஏழு தகடு, ஏழு நட்சத்திரம், 1.98, பிழை 0.12. பெரிய லென்ஸில் நட்சத்திரங்கள் கூர்மையாக இல்லாமல் கலங்கி விழுந்திருந்தன. அதன் விடை 0.93.

அந்த 0.93தான் ஒதுக்கப்பட்டது. சோப்ரால் தகடுகளை அளந்தது கிரீனிச் வானாய்வகம். அதற்குத் தலைவர் டைசன், ஒதுக்கும் முடிவும் அவருடையது. எடிங்டன் அந்த அளவீட்டில் இல்லை. டைசன் ஐன்ஸ்டைனின் சார்புநிலைக் கோட்பாட்டின் பக்தர் என்று யாரும் சொன்னதில்லை. 1919 நவம்பர் 6ஆம் தேதி லண்டன் கூட்டத்தில் முடிவை வாசித்தவரும் அவர்தான்.

மாயவரம் ஸ்டூடியோ | மயிலாடுதுறை

தகடு பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். என் அப்பா காலத்தில் எங்கள் ஸ்டூடியோவில் கண்ணாடித் தகடுதான். பழைய நெகட்டிவ் பெட்டிகள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன.

ஃபிலிம் நம் ஊர் ஈரத்துக்கு நீளும், சுருங்கும். கண்ணாடி அசையாது. அதனால்தான் வானியல்காரர்கள் கடைசிவரை கண்ணாடியை விடவில்லை. ஆனால் கண்ணாடிமேல் பூசியிருப்பது ஜெலட்டின். சித்திரை மாதம் கிணற்றுத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும்போது கழுவினால், தகட்டின் ஓரத்தில் அந்த ஜவ்வு மடிந்து கிளம்பிவிடும். அப்பா கோடையில் ராத்திரிதான் டெவலப் செய்வார். மண்பானைத் தண்ணீர், படிகாரம் போட்ட கரைசல் என்று பாடாய்ப் படுவார். எங்கள் பெட்டியில் இருக்கும் ஒரு கல்யாணப் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோள் மட்டும் கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும். நடுவில் பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் ஒரு குறையும் தெரியாது.

அதனால் கொள்ளிடக்கரை அண்ணே கேட்பது நியாயம். சார், அந்தத் தகட்டில் ஒரு செகண்ட் என்பது எத்தனை மில்லிமீட்டர்?

மன்னை இயற்பியல்

4 அங்குல லென்ஸின் குவியத்தூரம் 19 அடி. ஆகவே ஒரு செகண்டுக்கு 0.028 மில்லிமீட்டர். பெரிய லென்ஸில் இன்னும் குறைவு, ஒரு மில்லிமீட்டருக்கு 60 செகண்ட். அவர்கள் தேடிய நகர்வு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. மைக்ரோமீட்டர் கருவியில் அளக்க முடிகிற அளவுதான், ஆனால் நீங்கள் சொல்லும் ஜவ்வு நகர்வும் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரக்கூடியதுதான். வித்தியாசம் என்னவென்றால், ஜவ்வு தகட்டுக்குத் தகடு வேறு திசையில் இழுக்கும். ஏழு தகட்டிலும் எல்லா நட்சத்திரத்தையும் சூரியனிலிருந்து வெளிப்பக்கமாகவே தள்ளாது.

ஸ்டூடியோக்காரருக்குப் பிடிக்கும் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். சோப்ரால் குழு ஜூலை மாதம்வரை காத்திருந்து, அதே தொலைநோக்கியை அதே இடத்தில் வைத்து, சூரியன் விலகிய பிறகு அதே நட்சத்திரங்களை விடியலுக்கு முன் படம் எடுத்தார்கள். அதில் ஒரு தகட்டைத் திருப்பிப்போட்டு, ஒளி கண்ணாடி வழியாகப் புகுந்து ஜவ்வில் விழும்படி எடுத்தார்கள். அது கண்ணாடிப் பிம்பம் மாதிரி இடவலம் மாறி வரும். அதைக் கிரகணத் தகட்டோடு ஜவ்வுக்கு ஜவ்வு முகம்வைத்துச் சேர்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தின் இரண்டு புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தகடு முழுக்க ஓடி அளக்க வேண்டாம், அந்தச் சின்ன இடைவெளியை மட்டும் அளந்தால் போதும்.

பிரின்சிபியில் இந்த வசதி இல்லை. காத்திருக்க முடியாமல் கிளம்பினார்கள், ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தில் எடுத்த தகடுகளையே நம்பினார்கள். என்னைக் கேட்டால் 1919இன் பலவீனமான கண்ணி பிரின்சிபிதான். பாடநூல்களில் பெயர் வாங்கியதும் அதுதான்.

கொள்ளிடக்கரை

தம்பி, சார், இரண்டு பேருக்கும் நன்றி. அந்தத் திருப்பிப்போட்ட தகடு நல்ல வேலை. அளக்கத் தெரிந்தவர் செய்த வேலை.

ஆனால் 0.93 என்னை இன்னும் விடவில்லை. நியூட்டன் கணக்கு 0.87. மூன்று விடையில் ஒன்று கிட்டத்தட்ட நியூட்டன்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் துறையில் ஒரு ரீடிங்கை அடித்தால் ஃபீல்டு புக்கில் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் கணக்கு முடிவதற்கு முன் எழுதப்பட்டதா, பின்னால் எழுதப்பட்டதா என்று மேலதிகாரி பார்ப்பார். முன்னால் என்றால் ஒத்துக்கொள்வார். பின்னால் என்றால் மறுபடி அளக்கச் சொல்வார்.

இங்கே என்ன நடந்தது?

மன்னை இயற்பியல்

முன்னால்தான். கிரகணம் முடிந்த அன்று ராத்திரியே, மே 30 அதிகாலை மூன்று மணிக்கு, நாலு தகடுகளைக் கழுவிப் பார்த்தபோதே ஃபோகஸ் மாறிவிட்டது, நட்சத்திரங்கள் தெளிவாக இல்லை என்று டேவிட்சன் குறித்து வைத்திருக்கிறார். அப்போது எந்த நட்சத்திரமும் அளக்கப்படவில்லை. ஒளியைத் தொலைநோக்கிக்குள் திருப்பிவிடும் கண்ணாடி வெயிலில் சீராக இல்லாமல் சூடேறியிருக்க வேண்டும் என்று சந்தேகித்தார்கள். உங்கள் மணல் சூடு போலவே இதுவும் சூரியன் செய்த வேலை.

ஃபோகஸ் நகர்ந்தால் ஏன் கணக்கு கெடுகிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள், இழையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஃபோகஸ் மாறினால் படத்தின் ஸ்கேல் மாறும். படம் முழுக்கக் கொஞ்சம் பெரிதானால் நடுவுக்கு அருகில் உள்ள நட்சத்திரம் கொஞ்சமாகவும், ஓரத்தில் உள்ளது நிறையவும் வெளியே நகரும். ஈர்ப்பு செய்வது நேர் எதிர். சூரியனுக்கு அருகில் உள்ளது நிறைய நகரும், தள்ளிப் போகப் போகக் குறையும். இரண்டும் கலந்து வந்தால் பிரிக்கலாம், ஆனால் அதற்குத் தெளிவான புள்ளிகள் வேண்டும். கலங்கிய தகட்டில் ஸ்கேல் திருத்தத்தில் கொஞ்சம் பிசகினாலும் ஈர்ப்பின் பங்கு பாதியாகிவிடும், அல்லது இரட்டிப்பாகிவிடும்.

அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலேயே இது இருக்கிறது. ஸ்கேல் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் அதே தகடுகள் 1.52 கொடுக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். ஒளித்து வைக்கவில்லை. 1979இல் கிரீனிச்சில் அதே பழைய தகடுகளைப் புதிய அளவிடும் கருவியில் வைத்துக் கணினியில் மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒதுக்கப்பட்ட தொகுதி 1.55 கொடுத்தது, பிழை 0.34. 4 அங்குலத் தகடுகள் 1.90, பிழை 0.11. மறுபடி அளந்ததில் 0.93 நிற்கவில்லை.

கொள்ளிடக்கரை

சரி. காரணம் முன்னால் எழுதப்பட்டது, மறு அளவையும் நடந்திருக்கிறது. இதை ஏற்கிறேன். ஆனாலும் 1.90, பிழை 0.11 என்றால் 1.75இலிருந்து ஒரு பக்கமாகத்தான் தள்ளி நிற்கிறது. நியூட்டனை வெளியே அனுப்ப இது போதும். ஐன்ஸ்டைன்தான் சரி என்று முத்திரை குத்த இது போதாது. ஒரே கிரகணத்தில், ஒரே தேசத்துக்காரர்கள் எடுத்தது. வேறு ஆட்கள் வேறு கருவியில் அளந்தார்களா?

குடந்தை வானம் | கும்பகோணம்

அளந்தார்கள், அதில் நம் கொடைக்கானலும் உண்டு. 1922 செப்டம்பர் 21 கிரகணத்திற்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் வாலால் என்ற கடற்கரைக்குப் பல நாட்டுக் குழுக்கள் போயின. கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து எவர்ஷெட் போனார். கருவிக் கோளாறால் அவருக்கு விடை கிடைக்கவில்லை. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909இல் கண்டுபிடித்த அதே எவர்ஷெட்தான். கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் வானாய்வகத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாலாலில் ஜெயித்தது அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழு, கேம்பெல்லும் ட்ரம்ப்ளரும். கொள்ளிடக்கரை ஐயா இதைக் கவனிக்க வேண்டும். லிக் ஆட்கள் 1918 கிரகணத்தில் எடுத்த தகடுகளை வைத்து, ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு தெரியவில்லை என்ற பக்கம் சாய்ந்திருந்தவர்கள். சந்தேகத்தோடு போனவர்கள். ஒப்பீட்டுத் தகடுகளைக் கிரகணத்துக்குச் சில மாதம் முன்பே டஹிட்டித் தீவில் ராத்திரி வானத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏழு நட்சத்திரம் இல்லை, 92 நட்சத்திரம். விடை 1.72, பிழை 0.11.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1929இல் சுமத்ராவில் ஃப்ராய்ண்ட்லிக் குழு 2.24 என்றது. ஸ்கேல் திருத்தத்தை வேறு மாதிரி போட்டால் 1.75 பக்கம் வருகிறது என்று ட்ரம்ப்ளர் வாதிட்டார். 1952இல் கார்ட்டூமில் 1.70. 1973இல் மொரிட்டேனியப் பாலைவனத்தில் டெக்சஸ் குழு மணல் புயலோடு மல்லுக்கட்டி எடுத்ததும் ஐன்ஸ்டைன் மதிப்பில் 0.95 பங்குதான், பிழை 0.11. அரை நூற்றாண்டில் பிழை பெரிதாகக் குறையவே இல்லை. கிரகணத் தகடு என்ற முறையின் எல்லை அதுதான்.

நாகை கடலோரம்

இதைத்தான் நானும் சொல்கிறேன். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பத்து சதவீதப் பிழை. இதற்குப் பெயர் நிரூபணமா?

ஆரூர் மாணவி | திருவாரூர்

வணக்கம். நான் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கிரகணத்தோடு நிறுத்தினால் நாகை அண்ணன் கேட்பது சரி. ஆனால் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே 1969இல் போய்விட்டது. கொள்ளிடக்கரை ஐயாவின் ஒளிவிலகல் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

ரேடியோ அலைக்குப் பகல் இரவு பேதம் இல்லை. 3சி279 என்ற, ரேடியோ அலை அனுப்பும் வான்பொருள் கன்னி ராசியில் இருக்கிறது. புரட்டாசியில், அக்டோபர் 8ஆம் தேதி வாக்கில் சூரியன் அதை வருடா வருடம் மறைத்துப் போகும். பத்து டிகிரி தள்ளி 3சி273 என்ற இன்னொன்று நிற்கிறது. சூரியன் நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையிலான கோணம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் போதும். 1969 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்தன, இரண்டும் 1.75ஐ ஒட்டியே வந்தன.

ஐயா கேட்ட வாயு விஷயம் ரேடியோவில்தான் உண்மையான தலைவலி. கொரோனாவில் இருப்பது மின்னூட்டத் துகள்கள். அவை ரேடியோ அலையைத் திருப்பும். ஆனால் அந்தத் திருப்பம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதிர்வெண்ணை மூன்று மடங்காக்கினால் வாயுவின் வேலை ஒன்பதில் ஒன்றாகிவிடும். ஈர்ப்பின் வேலை எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றே. 1974, 75இல் ஃபோமலாண்ட்டும் ஸ்ராமெக்கும் 2.7 கிகாஹெர்ட்ஸ், 8.1 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரே சமயத்தில் அளந்தார்கள். அந்த விகிதத்தை வைத்து வாயுவின் பங்கைத் தனியே கழித்தார்கள். மீந்தது 1.76, பிழை ஒரு சதவீதம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சூரியக் காற்று ரேடியோ மூலங்களை மினுக்க வைப்பதை நன்றாகப் பிடிக்கலாம் என்பதால் அதை வைத்தே சூரியக் காற்றை ஆராய்கிறார்கள். அதாவது வாயுவின் வேலை என்ன அளவு என்பது ஊகமாக விடப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண் 8 கிகாஹெர்ட்ஸைப் போல அறுபதாயிரம் மடங்கு. வர்க்கம் எடுத்துப் பாருங்கள். 1919 தகடுகளில் அந்த வாயு செய்திருக்கக்கூடியது ஒன்றுமே இல்லை.

கொள்ளிடக்கரை

அம்மா, நன்றாக எழுதுகிறீர்கள். இரண்டு அதிர்வெண் வைத்துக் கழித்தது எனக்குத் திருப்தி. ஆனால் கழித்தல் என்றாலே கழித்தது முழுசாகப் போயிற்றா என்ற கேள்வி மிச்சம் நிற்கும். சூரியனுக்கு வெகுதூரத்தில், வாயுவே இல்லாத இடத்தில் யாராவது அளந்திருக்கிறார்களா?

ஆரூர் மாணவி

நீங்கள் கேட்பதற்கென்றே ஒரு விடை இருக்கிறது ஐயா. ஹிப்பார்கோஸ் என்ற ஐரோப்பிய விண்கலம் 1989இல் போனது, 1993வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை ஆயிரத்தில் ஒரு செகண்ட் அளவுக்கு அளந்தது. சூரியன் பக்கமே அது திரும்பாது. ஆனால் சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி, நடுராத்திரி வானத்துக்கும் மாலை வானத்துக்கும் நடுவில் இருக்கிற நட்சத்திரத்தின் ஒளிகூட ஆயிரத்தில் நாலு செகண்ட் திரும்பிவிடுகிறது. அங்கே கொரோனா இல்லை. காற்றும் இல்லை, வெயிலில் சூடேறும் கண்ணாடியும் இல்லை. இந்தத் திருத்தம் போடாமல் ஹிப்பார்கோஸ் அட்டவணையை ஒழுங்காகத் தயாரிக்க முடியவில்லை.

கொள்ளிடக்கரை

திருத்தம் போட்டுத்தான் அட்டவணை வந்தது என்றால், கோட்பாட்டை உள்ளே வைத்துவிட்டு அதையே வெளியே எடுத்துக் காட்டுவதாக ஆகாதா? முதலிலேயே ஐன்ஸ்டைன் சரி என்று வைத்துக்கொண்டுதானே கணக்கு ஓடுகிறது?

ஆரூர் மாணவி

அப்படி விடவில்லை. காமா என்று ஒரு எண்ணைத் தெரியாத மதிப்பாகவே கணக்கில் விட்டார்கள். வளைவு, ஒன்றோடு காமாவைக் கூட்டிய தொகைக்கு ஏற்ப வரும். காமா பூஜ்யம் என்றால் 0.87, நியூட்டன் பாதி. காமா ஒன்று என்றால் 1.75. அந்த இரண்டாவது பாதி, சூரியனைச் சுற்றியுள்ள இடவெளியே வளைந்திருப்பதால் வருவது. 1911இல் ஐன்ஸ்டைனே அதைச் சேர்க்காமல் பாதி விடைதான் வெளியிட்டார், 1915இல்தான் முழுசு வந்தது. லட்சக்கணக்கான அளவுகளிலிருந்து நட்சத்திர இடங்களோடு சேர்த்துக் காமாவையும் தீர்த்தார்கள். விடை 0.997, பிழை 0.003. உங்கள் டிராவர்ஸ் நில அளவையில் கருவிப் பிழையைத் தெரியாத எண்ணாக வைத்துச் சேர்த்துத் தீர்ப்பீர்களே, அதே முறை.

அப்புறம் கேசினி என்ற விண்கலம். 2002 ஜூனில் அது சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது, ரேடியோ சிக்னல் சூரியனை ஒட்டிப் போய்த் திரும்பும் தாமதத்தை வெவ்வேறு அதிர்வெண்களில் அளந்தார்கள். கோணமே இல்லாத அளவு இது, கடிகார வேலை. ஒன்றிலிருந்து காமா விலகினால் அந்த விலகல் லட்சத்தில் சில பங்குக்குமேல் இருக்க முடியாது என்று 2003இல் முடிவு வந்தது. கோணம் அளந்தவர்களும் நேரம் அளந்தவர்களும் செய்யக்கூடிய தவறுகள் வேறு வேறு. இருவரும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்ததுதான் எனக்கு 1919ஐ விடப் பெரிய ஆதாரமாகத் தெரிகிறது.

மன்னை இயற்பியல்

இதையே நான் வகுப்பில் சொல்லப் பார்க்கிறேன். 1919ஐ மட்டும் சொல்லி முடித்தால், அதன் ஓட்டைகளை ஒரு வீடியோவில் பார்த்த மாணவன் மொத்தக் கோட்பாடும் பொய் என்ற முடிவுக்குப் போய்விடுகிறான். நாகை நண்பருக்கு ஒன்று. சூரியனையே விட்டுவிட்டாலும், வெகுதூரத்தில் ஒளிரும் குவேசார் என்ற பொருள் ஒன்றே வானத்தில் இரண்டாகத் தெரிவதை 1979இல் கண்டுபிடித்தார்கள், நடுவில் நிற்கும் விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு செய்கிற வேலை அது. 2017இல் கைலாஷ் சாஹு குழு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை வைத்து ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் பின்னணி நட்சத்திரத்தின் ஒளியைத் திருப்புவதை அளந்து, அதிலிருந்து அந்தக் குள்ளனின் நிறையையே கணித்தார்கள். 0.675 சூரிய நிறை. சந்தேகத்துக்கு உரியதாக இருந்த ஒன்று இன்று தராசாகப் பயன்படுகிறது.

நாகை கடலோரம்

எடிங்டன் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கேசினி எடிங்டனைக் கேட்டு வேலை செய்யவில்லை என்பது புரிகிறது. படிக்கிறேன்.

குடந்தை வானம்

இனி நம் கையால் செய்யக்கூடியதைப் பேசலாம். 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தில் டொனால்ட் ப்ரன்ஸ் என்ற அமெரிக்கர், பல்கலைக்கழகக் குழு எதுவும் இல்லாமல், சிறிய தொலைநோக்கியும் டிஜிட்டல் கேமராவும் வைத்து வயோமிங்கில் ஒரு மலைமேல் எடுத்த விடை 1.7512, பிழை மூன்று சதவீதம். முழு மறைவு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்திற்குள் சூரியனுக்கு இரண்டு பக்கமும் தள்ளி இருக்கும் வானத்தையும் படம் எடுத்துக் கேமராவின் ஸ்கேலைத் தனியாகப் பிடித்தார். 1919இல் தொந்தரவு கொடுத்த இடத்தை அடைத்துவிட்டார்.

2019 டிசம்பர் 26 கிரகணம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் வளையமாகத் தெரிந்தபோது நாங்கள் சிலர் போய்ப் பார்த்தோம். வளையக் கிரகணத்தில் நட்சத்திரம் தெரியாது, இந்த வேலைக்கு உதவாது. அடுத்த நல்ல வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2. ஆடி அமாவாசை. நம் ஊரில் முழுக் கிரகணம் கிடையாது, எகிப்தில் லக்சர் ஊரில் ஆறு நிமிடத்துக்கு மேல். சூரியன் அன்று பூச நட்சத்திரத்தில். பஞ்சாங்கத்தில் மட்டும் இல்லை, வானத்திலேயே அந்தக் கடக ராசி நட்சத்திரம் சூரிய மையத்திலிருந்து மூன்று சூரிய ஆரம் அளவில் நிற்கும். கணக்குப்படி அதன் நகர்வு அரை செகண்டுக்குச் சற்று மேல். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போகலாம் என்று இருக்கிறேன். ஐயா, அளவின் பக்கமிருந்து உங்கள் யோசனை வேண்டும்.

கொள்ளிடக்கரை

லக்சரில் கிரகண நேரம் உச்சி வெயில், சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல். காற்றின் ஒளிவிலகல் அங்கே மிகக் குறைவு, அது உங்களுக்கு அனுகூலம். ஆகஸ்ட் மாதத்து எகிப்து வெயில் பிரதிகூலம். தொலைநோக்கியைக் காலையிலிருந்தே நிழலில் வையுங்கள், ஆனால் காற்று படட்டும். மூடி வைத்துக் கடைசி நேரத்தில் திறந்தால் குழாய் சூட்டில் நீளும், சோப்ரால் கதை திரும்ப நடக்கும். ஃபோகஸை முதல் நாள் ராத்திரி பிடித்து விட்டுவிடாதீர்கள், கிரகணத்துக்குச் சற்று முன் அந்த வெப்பநிலையிலேயே பிடியுங்கள். தரையில் மண் என்றால் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு விரித்து வையுங்கள், நாங்கள் மணலில் செய்வதுதான்.

படங்களை எந்தக் காரணத்துக்காகத் தள்ளுவீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி இந்த இழையில் போட்டுவிடுங்கள். புள்ளி இவ்வளவுக்குமேல் கலங்கினால் தள்ளுவோம், இவ்வளவுக்குமேல் நீண்டால் தள்ளுவோம் என்று எண்ணோடு.

ஒப்பீட்டுப் படம் இங்கேயே எடுத்துப் பழகலாம். பூசம் நடுராத்திரி தலைக்குமேல் வருவது தை மாதம். தைப்பூசத்தன்று நிலா அங்கேயே நிற்கும், அன்று வேண்டாம். தை அமாவாசை ராத்திரி எடுங்கள். திருவையாற்றில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து உச்சி வானம் மறைவில்லாமல் தெரியும், கருவியைக் கொண்டுவாருங்கள். மாயவரம் தம்பியும் வந்தால் நல்லது. அந்தக் கல்யாணப் படத் தகட்டையும் எடுத்துவாருங்கள் தம்பி, ஓரத்தில் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.